வெள்ளிக்கிழமை ஒட்டாத ஸ்டிக்கர்

இருபத்தாறு வருஷமாக ஊசி போடுகிறவள் ஜோசஃபின். காக்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்து, அல்சூர்ப் பக்கத்து மருத்துவமனைக்கு வந்து, புடவையை மாற்றி வெள்ளை உடுப்புக்குள் நுழைந்தாளானால், அன்றைக்கு வருகிற கைகளெல்லாம் அவளுடையவை. அவள் கை பட்டால் வலிக்காது என்று அந்த வட்டாரத்தில் பெயர். அந்தப் பெயரை ஒரே வருஷத்தில் கெடுப்பதற்கென்றே ஒரு கருவி வந்து சேர்ந்தது.

தடுப்பூசி என்றால் நோய் வருமுன் போடுவது என்றுதான் அவள் படித்திருந்தாள். இது வந்தபின் போடுவது. கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் தொடங்கிவிட்ட பெண்களுக்கு, உடம்பின் சொந்தக் காவலையே அந்த இடத்துக்குத் திருப்பிவிடுகிற மருந்து. மருந்து நல்ல மருந்துதான். அதை உடம்புக்குள் எப்படி அனுப்புவது என்பதில்தான் கம்பெனிக்காரர்களுக்குக் குழப்பம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. அதற்காக இரண்டு பூசாரிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஒன்று, தசையில் ஊசி போட்டுவிட்டு அதே இடத்தில் மின்சாரத் துடிப்பு கொடுக்கிற கருவி. அந்த அதிர்வில் உடம்பின் செல்கள் திறந்து மருந்தை வாங்கிக்கொள்ளுமாம். பெண்கள் அதற்குக் 'கரண்ட் ஊசி' என்று பெயர் வைத்தார்கள். முதல் தடவை போட்டுக்கொண்டவர்களில் பாதிப்பேர் இரண்டாம் தடவைக்கு வரவில்லை. மற்றது, ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்ட ஒட்டு. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத முட்கள், மருந்தும் சர்க்கரையும் சேர்த்துச் செய்தவை. புஜத்தில் அழுத்தி ஒட்டி இருபது நிமிஷம் விட்டால் முட்கள் தோலுக்குள்ளேயே கரைந்துபோகும். வலி எறும்பு கடித்த அளவுகூட இல்லை. அதற்கு 'ஸ்டிக்கர்' என்று பெயர். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தது.

சரளாவுக்கு ஸ்டிக்கர் விழுந்தது. ஆஸ்டின் டவுன்காரி, வயது முப்பத்தொன்று, கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் காலர் தைக்கிறவள். இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. டாக்டர் மஞ்சுநாத் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மருந்தில் அந்தப் புண் சுருங்கினால் கத்தி வேண்டாம். சுருங்காவிட்டால் அறுத்து எடுக்கவேண்டும், அறுத்த கர்ப்பப்பை வாய் பிள்ளையைத் தாங்குமா என்பதை உறுதியாகச் சொல்லமுடியாது. நான்கு வேளை மருந்து, நான்கு வெள்ளிக்கிழமைகள், மூன்று வார இடைவெளியில். சரளா அந்த நான்கையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு தடவையும் ஸ்டிக்கர் பிடிக்கவில்லை. ஓரம் எழும்பி, பாதி நேரத்திலேயே நழுவியது. எடுத்து லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் முட்கள் வைத்தது வைத்தபடி நின்றன. மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சரளாவுக்கு மட்டுமல்ல, ஸ்டிக்கர் விழுந்த இருபத்து நான்கு பேரில் பதினைந்து பேருக்கு இதே கதி. வெள்ளிக்கிழமைதோறும் குளிர்பெட்டியோடு வேனில் வந்து இறங்குகிற கம்பெனி அதிகாரி நிருபமா, ஒவ்வொன்றையும் லேப்டாப்பில் 'தோல்வி' என்று பதிந்துகொண்டாள். மரியாதையான பெண்தான். அந்த மரியாதையே ஜோசஃபினுக்குப் பிறகு எரிச்சலாகிப்போனது.

மூன்றாம் வேளைக்கு முந்தைய பரிசோதனைக்கும் சரளா ஒரு வெள்ளிக்கிழமையில்தான் வந்தாள். ரத்தம் எடுக்க முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டப்போன ஜோசஃபினுக்குப் பட்டை வழுக்கியது. விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுப்பு. சரளாவின் ஈரக் கொண்டையிலிருந்து சீயக்காய் வாசனை அடித்தது. என்ன இது என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரதுன்னா சுத்தமா வர வேணாமா சிஸ்டர்? அதுவும் வெள்ளிக்கிழமை. தலைக்கு, உடம்புக்கு எல்லாம் நல்லெண்ணெய் வெச்சு ஊறவெச்சுக் குளிச்சுட்டுத்தான் வருவேன்," என்றாள் சரளா.

ஜோசஃபின் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு சீயக்காய் போட்டாலும், ஊறின எண்ணெய் தோலைவிட்டு முழுசாகப் போய்விடுமா? அதன்மேல் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் எண்ணெய் போகாது, பரவும். பதிவேட்டைப் புரட்டினாள். ஒழுங்காக ஒட்டிய ஒன்பது பேரும் ஷபானா, ரெஜினா, நூர்ஜஹான், ஸ்டெல்லா என்கிற வரிசை. ஒட்டாதவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டுப் பெண்கள். அவள் வீட்டில் தலைமுழுகுவது ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால். அதனால் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் எத்தனை வாரமாக இந்தச் சீயக்காய் வாசனையை முகர்ந்துகொண்டே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். மூக்கு எதற்கு இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே நிருபமாவிடம் போனாள். கிழமையைத் திங்களுக்கு மாற்றலாமே என்றாள். குளிர்பெட்டி வேன் வெள்ளிக்கிழமைதான் வரும் என்று பதில். போன் செய்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லட்டுமா என்றாள். பாதி ஆராய்ச்சியில் புதிதாக அறிவுரை சொன்னால் முன்னால் வந்தவர்களோடு ஒப்பிட முடியாதாம். சரி, நானே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒட்டுகிறேன், அதுவாவது கூடுமா என்றாள். விதிமுறையில் ஸ்பிரிட் பஞ்சு என்றுதான் இருக்கிறது, சோப்பு என்று இல்லையே சிஸ்டர் என்று நிருபமா வருத்தத்தோடு சொன்னாள். டாக்டர் மஞ்சுநாத் மட்டும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு, விதிமுறையைத் திருத்த நெறிமுறைக் குழுவுக்கு எழுதவேண்டும், மூன்று மாதமாவது ஆகும் என்றார். மூன்று மாதத்தில் சரளாவின் நான்கு வெள்ளிக்கிழமையும் முடிந்துபோயிருக்கும். கழுவுவதற்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும், அதற்குக் குழு கூடவேண்டுமாம். அன்று சாயங்காலம் ஜோசஃபின் இருந்த ட்ரேயையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, ட்ரேதான் கழுவுபடும்.

மூன்றாம் வேளை அன்று சரளாவைக் கைகழுவும் தொட்டிக்கு அழைத்துப்போனாள். எண்ணெய்தான் ஸ்டிக்கரைப் பிடிக்கவிடவில்லை என்று சொல்லி, புஜத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டு இரண்டு முறை கழுவி, துடைத்து, உலரவிட்டு, பிறகு விதிப்படி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஒட்டினாள். பல்லிபோல் பிடித்துக்கொண்டது ஸ்டிக்கர். இருபது நிமிஷம் கழித்து லென்சுக்கு அடியில் பார்த்தபோது ஒரு முள்கூட மிச்சமில்லை. அத்தனை மருந்தும் உள்ளே போயிருந்தது. சரளாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒன்றுமே தெரியலையே சிஸ்டர் என்றாள் சரளா. அதுதான் வேண்டும் என்று ஜோசஃபின் சிரித்தாள். அந்த வருஷத்தில் அந்த அறையில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பிறகு பதிவேட்டைத் திறந்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள்: தோல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவப்பட்டது. எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபத்தாறு வருஷத்தில் செய்ததை எழுதாமலும் செய்யாததை எழுதியும் அவளுக்குப் பழக்கமில்லை. அதோடு, இதைப் படித்தாவது கம்பெனிக்கு உறைக்கும் என்று நம்பினாள்.

படித்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கூட்டம் நடந்தது. மறுநாள் நிருபமா தாளோடு வந்தாள். சரளாவின் மூன்றாம் வேளை விதிமீறல் என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. தோற்றவை எல்லாம் கணக்கில் இருந்தன, எதனால் தோற்றன என்று காட்டிய ஒன்று மட்டும் இல்லை. முடிவு: இப்பகுதிப் பெண்களின் தோல் தன்மைக்கு ஒட்டுமுறை பொருந்தவில்லை, மின்துடிப்பு முறையே தொடரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம்கூட இல்லை, தோலே கோணல்.

"தோல்ல என்ன மேடம் இருக்கு? எண்ணெய் இருந்துச்சு. நான் எழுதிக் குடுத்தேனே," என்றாள் ஜோசஃபின்.

"நீங்க எழுதினதுனாலதான் சிஸ்டர் அதை எடுக்கவேண்டியதாப்போச்சு," என்றாள் நிருபமா. அவள் குரலிலும் நிஜமான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு ஜோசஃபின் என்ன செய்வாள்? மிச்சமிருந்த ஸ்டிக்கர்கள் குளிர்பெட்டியில் ஏறின, வேன் புறப்பட்டுப் போனது. ஸ்டிக்கர் பெண்களுக்கு ஆபீசிலிருந்து போன் செய்து சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

சரளாவின் நான்காம் வெள்ளிக்கிழமை வந்தது. ஃபாக்டரிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எட்டரை மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். தலை வறண்டு பரட்டையாக நின்றது. ஜோசஃபினைப் பார்த்ததும் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு புஜத்தை நீட்டினாள்.

"இன்னிக்கு எண்ணெயத் தொடவே இல்ல சிஸ்டர். வெள்ளிக்கிழமை தலைமுழுகாம எங்க கெளம்பறேன்னு வீட்ல ஒரே பேஜாரு. சண்டை போட்டுட்டு வந்துட்டேன். தொட்டுப் பாருங்க."

ஜோசஃபின் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுப்பு துளிகூட இல்லை. இரண்டு மூன்று தடவை சோப்புப் போட்டிருப்பாள் போல, தோல் வெளுத்துச் சொரசொரவென்று இருந்தது. இதைவிட நன்றாக ஒட்டுகிற ஒரு கையை அந்த வருஷம் முழுக்க அவள் பார்த்ததில்லை.

"ஸ்டிக்கரை நிறுத்திட்டாங்க சரளா," என்றாள்.

சரளாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு அவள் கம்பெனியைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. "நான் எண்ணெய் வெச்சதாலயா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். சரளா நீட்டின கையை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.