செங்காந்தளுக்கு ஒரு மூடி

போன ஞாயிறு, இட்லிக் குண்டான் மூடியைப் பையில் போட்டுக்கொண்டு பம்மலுக்கு பஸ் ஏறினேன். எதற்கா? ஜெயிப்பதற்கு!

எங்கள் குரோம்பேட்டை வீட்டு ஷோகேஸில் ஐந்து பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு செடி. பூ, இலை, வேர், பிளந்த விதை என்று தாவரவியல் புத்தகத்தில் இருப்பது போலவே வரைந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியா போன பல்லாவரம் டீச்சரம்மாவிடம் வாங்கினேன். ஆறு தட்டு செட் அது... செங்காந்தள் மட்டும் இல்லை. வீட்டு வேலை செய்த செல்விக்குக் கொடுத்துவிட்டாராம்.

என் கணவர் கோபாலனுக்கு அந்த ஷோகேஸ் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த புது டூ-இன்-ஒன் வாங்கியிருக்கிறார், அதை அங்கே வைக்கவேண்டுமாம்.

"அரைகுறை செட்டுக்கு எதுக்கு ஷோகேஸ்? இந்த மாசத்துக்குள்ள ஆறும் சேரலேன்னா, அஞ்சும் பரண் மேல!"

பரணா? என் தட்டுகளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசாரித்து விசாரித்து, சனிக்கிழமை பம்மலில் செல்வியின் வீட்டைப் பிடித்துவிட்டேன். செங்காந்தளையும்தான் — தண்ணீர்ப் பானைக்கு மூடியாக! ஒரு கீறல் இல்லை. பணம் தருகிறேன் என்றேன். செல்வி அசையவில்லை.

"துட்டை வெச்சா பானையை மூடறது? எத்தினி மூடி போட்டுப் பாத்துட்டேன்க்கா. ஒண்ணு உள்ள வுழுது, ஒண்ணு வழுக்கிகினு போவுது. இதான் கரெக்டா குந்திகினு கீது."

நியாயம்தானே? பானை வாயைச் சணலால் அளந்துகொண்டு வந்து, சமையலறையில் இருந்த மூடிகளையெல்லாம் இறக்கினேன். பொருந்தியது குண்டான் மூடி ஒன்றுதான்.

மறுநாள் அது பானை மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. செல்வி சிரித்தாள். அப்புறம் விளிம்பைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஆர். கோபாலன்னு பேரு வெட்டிகீது? எவன் வூட்லயோ திருடிகினு வந்துட்டேன்னு தெருவே பேசும். வேணாம்."

போச்சுடா! எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் ஏது? ஸ்பூனில்கூட அவர் பெயர்தான். ஆனால் விடுவேனா? தெருமுனையில் பாத்திரக்கடை, கடையில் பெயர் வெட்டும் மெஷின். கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை போடுவார்களே... அதையே வெட்டச் சொன்னேன். ட்ர்ர்ர்... இரண்டே நிமிஷம்.

'ஆர். கோபாலன் அன்பளிப்பு.'

செல்வி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகமெல்லாம் பல்.

"சாருக்குப் பெரிய மன்சுக்கா!"

"தங்கமானவர்" என்றேன். கூசாமல்!

தட்டைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். சாயங்காலம் அவர் ஷோகேஸ் முன்னால் நின்று இரண்டு தடவை எண்ணினார். ஆறு! டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது. "ஏம்மா, குண்டான் மூடியைக் காணோமே?"

"நீங்கதானே அன்பளிப்பா குடுத்தீங்க!"