குதிரையின் அடிவயிறு

கண்ணாடி அலமாரிக்கு அடியில், தரையோடு தரையாக, ரின்ஸ்கே மல்லாந்து படுத்திருக்கிறார். கையில் பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. காவலாளி ஓடி வந்து குனிகிறார்.

“அம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?”

“உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன். உங்க குதிரையோட அடிவயிறுதான் தெரிய மாட்டேங்குது. அதுக்குக் கீழ அட்டைய வெச்ச புண்ணியவான் யாரு?”

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் இதே கதைதான். விடுமுறைக்குப் போனால் நாமெல்லாம் கோட்டை பார்ப்போம், கேக் தின்போம். ரின்ஸ்கே நேராக அருங்காட்சியகத்துக்குப் போய், கட்டைவிரல் உயரமுள்ள வெள்ளீயப் பொம்மை ஒன்றைத் தேடுவார். குதிரைமேல் அமர்ந்த போர்வீரன். எழுநூறு ஆண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு குழந்தை விளையாடி, உடைத்து, தொலைத்தது. சரி, கண்டுபிடித்ததும் அதன் அழகைப் பார்ப்பாரா? தலைக்கவசம் வேண்டாம், வாள் வேண்டாம், வீரனே வேண்டாம். குதிரை வயிற்றுக்குக் கீழே என்ன இருந்தது? அது ஒன்றுதான் வேண்டும்!

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வார நாட்களில் எங்கள் ஊர் டோர்ட்ரெக்ட்டின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையில் பல்லுக்கு மாட்டும் கேப் செய்கிறார். ஊரில் பாதிப் பேரின் கடைவாயில் அவர் கைவேலை இருக்கிறது. தெருவில் யாராவது சிரித்தால், பதிலுக்குச் சிரிக்க மாட்டார்; தலையைச் சாய்த்துப் பல்லைப் பார்ப்பார். சனி, ஞாயிறு வந்தால் அதே கை பொம்மை வீரர்களை வார்க்கும்.

எங்கள் ஆற்றுச் சேற்றிலும் ஒரு வீரன் கிடைத்திருக்கிறான். நான் சனிக்கிழமைகளில் தொண்டுக்குப் போகும் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறான். மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கிறதே தவிர ஆள் ராஜா மாதிரி இருப்பான். குதிரைக்குத்தான் கால் இல்லை. வயிற்றுக்கடியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அரிசி அளவு முண்டுகள். அங்கே கால் இருந்ததா, சக்கரம் கோத்த அச்சு இருந்ததா, குச்சியில் செருகினார்களா? யாருக்கும் தெரியாது. ரின்ஸ்கே பார்த்தவரை மற்ற ஊர்க் குதிரைகளும் அதே இடத்தில்தான் உடைந்திருக்கின்றன. நம் வீரனைத் தலைகீழாகக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று மனுவே கொடுத்தார். தலைகீழாக! பார்க்க வருகிறவர்கள் எங்களை என்ன நினைப்பார்கள்?

வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அவர் எழுதும் கடிதங்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. “படத்துக்கு நன்றி. அழகான படம். எனக்கு உதவாது. குதிரையைப் புரட்டிப் போட்டு எடுக்கவும்.” டென்மார்க்கிலிருந்து ஓர் அம்மாள் கடைசியில் புரட்டியே எடுத்து அனுப்பிவிட்டு, “இதோ வயிறு. இனிமேல் எழுதாதீர்கள்” என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். ரின்ஸ்கே அதைச் சமையலறையில் ஒட்டி வைத்திருக்கிறார், வாழ்த்து அட்டை மாதிரி.

வார்ப்பு வேலையைப் பார்க்கப் போனால் இன்னும் எரிச்சல். இரண்டு மாக்கல் துண்டுகளில் உட்புறமாகச் செதுக்கி, சேர்த்துக் கட்டி, உருகிய வெள்ளீயத்தை ஊற்றி, ஒரு மூச்சு நேரம் பொறுத்து, மீதியைக் கவிழ்த்துவிடுவார். ஓடு மட்டும் நிற்கும், உள்ளே வெற்று. கல்லைப் பிரித்தால் பளபளவென்று ஒரு வீரன். நான் கை தட்டுவேன். அவர் உதட்டைப் பிதுக்குவார்.

“ரொம்ப நல்லா வந்திருச்சு. வீணாப் போச்சு.”

“நல்லா வந்தா எப்படி வீண்?”

“அந்தக் காலத்து ஆளு அவசரத்துல செதுக்கினவன். சந்தைக்கு நூறு வேணும் அவனுக்கு. ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ. என் கை பல்லு செஞ்சு பழகின கை. கோணலா வர மாட்டேங்குது, சனியன்.”

சொல்லிக்கொண்டே வீரனைத் திரும்பவும் ஈயம் உருக்கும் கரண்டிக்குள் போட்டுவிடுவார். என் கண்ணெதிரே அவன் குழைந்து, சாய்ந்து, குட்டையாகிப் போவான். கோணல் வரட்டும் என்று இப்போது இடது கையால் செதுக்குகிறார். இதுவரை செய்த அத்தனையும் இப்படி உருகியதுதான் மிச்சம். ஒன்றுகூட ஒரு குழந்தையின் கைக்குப் போனதில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள், “குழந்தைங்க விளையாடத்தானே செய்யறேன், அலமாரில வெக்கவா?” என்பார்.

அதனால்தான் இந்த வசந்த விடுமுறைக்கு எங்கள் அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு மேசை போடப்போவதாகச் சொன்னதும் நான் குதித்தேன். மேசைக்குப் பொறுப்பான ஃபென்னா, வீரர்களைச் செய்துதரும்படி ரின்ஸ்கேயிடம்தான் கேட்டார். ரின்ஸ்கே அன்றைக்கு வீட்டுக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கவே மறந்துவிட்டாராம்.

திறப்புக்கு முந்தின வாரம் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். ஃபென்னா மூடியைத் திறந்தார். கோணல் கண், கோணல் வாள், பிரமாதமான வீரர்கள்! டப்பாவே உயிரோடு இருப்பது போலிருந்தது. ஃபென்னா ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்தினார். அது விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது.

“ரின்ஸ்கே, கால் எங்க?”

“கால் இருந்துச்சுன்னு யார் சொன்னா?”

“குதிரைங்க இது! குதிரைக்குக் கால் இருக்கும்!”

“குதிரைக்கு இருக்கும். பொம்மைக்கு இருந்துச்சான்னு தெரியாது. நான் கால் வெச்சு வார்த்து, உடைச்சும் பார்த்துட்டேன் ஃபென்னா. குறடால உடைச்சேன், கட்டைவிரலால உடைச்சேன், மேசைல இருந்து தள்ளிவிட்டேன். எல்லாம் நேரா உடையுது. நம்ம வீரனோட முண்டு சாய்வா இருக்கு. முன்னால இருந்து பின்னால. அப்போ அது காலே இல்ல.”

“குழந்தைங்க இத வெச்சு என்னதான் பண்ணும்? படுக்கப்போட்டுத் தாலாட்டுமா?”

ஃபென்னா கணினியைத் திருப்பிக் காட்டினார். பிளாஸ்டிக் வீரர்கள், நீலம், சிவப்பு, எல்லாருக்கும் நான்கு கால் குதிரை. “வியாழக்கிழமைக்குள்ள கால் வரலன்னா இதுதான். எனக்கு வேற வழியில்ல.” ரின்ஸ்கே முகம் வெளுத்துவிட்டது. அப்படியும் “சரி” என்ற சொல் வாயிலிருந்து வந்தால்தானே! டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் நான் அவர் வீட்டுக்கே போனேன். கெஞ்சத்தான். கணவர் ஹெஸ்ஸல் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறவர். பட்டாணி சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்புக்குள் மாக்கல் அச்சுகள் காய்ந்துகொண்டிருந்ததால் ரொட்டியைச் சுட முடியவில்லை என்று அவருக்கு ஏற்கெனவே கோபம்.

“தெரியாதத தெரிஞ்ச மாதிரி குழந்தைங்ககிட்ட குடுக்கச் சொல்றாங்க, ஹெஸ்ஸல். பொய் சொல்லச் சொல்றாங்க.”

“அப்போ உண்மையச் சொல்லிக் குடு, தாயே! ஊகம்னு ஒரு சீட்டு எழுதி வயித்துல ஒட்டு. பனிமூட்டத்துல நான் கரை இருக்கும்னு நம்பித்தான் படகைத் திருப்பறேன். கரை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பேசாம நின்னுட்டா, ஏறினவன் எல்லாம் தண்ணிலயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்.”

“படகு வேற.”

“ஆமா, படகுல ரொட்டி சுடலாம்.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ரின்ஸ்கே சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஊகம்ங்கற எழுத்து, அருங்காட்சியகத்தோட பேரைவிடப் பெரிசா இருக்கணும். ஃபென்னாகிட்ட சொல்லிடு.” எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, தலையில் குட்டவும் தோன்றியது.

வியாழக்கிழமை டப்பா வந்தது. வீரர்கள் நின்றார்கள்! ஒவ்வொரு குதிரை வயிற்றிலும் ஒரு சீட்டு, மேசை ஓரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: “கால்கள் எங்கள் ஊகம்.” ஃபென்னா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை கதவு திறந்ததும் குழந்தைகள் மேசையை மொய்த்தார்கள். ரின்ஸ்கே தேர்வுக் கண்காணிப்பாளர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். “மெதுவாப் பிடி.” “அது வாள், காது குடையற குச்சி இல்ல.” ஐயோ, விட்டுத்தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஃபீகே என்று ஒரு சிறுமி, முன்பல் இரண்டும் விழுந்தவள், ஒரு வீரனை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஓட்டமாக ஓட்டினாள். மேசைப் பலகைகள் சேரும் இடுக்கில் குதிரை சிக்கியது. டக்.

குதிரை அவள் கையில் இருந்தது. முன்னங்கால் இரண்டும் இடுக்கில் நின்றன.

“ஃபீகே! என்ன காரியம் பண்ணிட்ட!” என்று அவள் அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார். ஃபென்னா கண்ணை மூடிக்கொண்டார். குழந்தையின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

ரின்ஸ்கே குதிரையை வாங்கிப் புரட்டினார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சீட்டுக்கு முன்னால் இரண்டு முண்டுகள், அரிசி அளவு. விரல் நுனியால் தடவினார், முன்னாலிருந்து பின்னால். இன்னொரு முறை தடவினார். அந்தச் சாய்வு அவருக்கு மனப்பாடம். இங்கே கால் உடைந்த இடமும் நேராக இல்லை. அப்படியானால் ஆற்றுச் சேற்றில் கிடைத்த குதிரைக்கும் கால்தான் இருந்திருக்கிறது!

“எப்படி ஓட்டின?”

“வேகமா,” என்றாள் ஃபீகே, அழுகைக்கு நடுவே.

“மன்னிச்சுக்கங்க, இவளுக்கு எதையும் பதவிசா வெச்சுக்கத் தெரியாது…” என்று அம்மா ஆரம்பித்தார்.

ரின்ஸ்கே காதில் அது ஏறவே இல்லை. டப்பாவில் கை விட்டு, கோணல் இருப்பதிலேயே நன்றாக வந்த வீரனைத் தேடி எடுத்தார். மகளின் மணிக்கட்டைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அவனைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார்.