வளைவுக்குக் கீழே எடுத்த தண்ணீர்

சோதனைச்சாலையில் எல்லாரும் அவளைப் 'பாட்டிலம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்து ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்குப் பிடித்து வருவது அவள் வேலை. ஆறு பாலத்தைத் தாண்டி வளைகிற இடத்தில் சாயப்பட்டறைச் சாக்கடை வந்து கலக்கும். அங்கே காக்காய்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பறக்கும். அவளுக்கு முன்னால் இருந்தவர்களோ பாலத்தில் நின்றபடியே வாளியை இறக்கி, சாக்கடை கலக்காத தண்ணீரை மொண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருஷமாக ஆறு சுகம் என்றே அறிக்கை எழுதப்பட்டது. வளைவுக்குக் கீழே குடியிருந்தவர்களின் சொறி சிரங்கு மட்டும் அந்த அறிக்கையைப் படிக்கவே இல்லை.

ஒரு நாள் பாலத்தில் ஒரு பாட்டில் பிடித்த கையோடு, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போனாள். இடுப்பில் கயிற்றைக் கட்டிச் சேற்றில் இறங்கினாள்.

"அண்ணி, விழுந்தீங்கன்னா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீலமா எந்திரிச்சு வந்தா, புதுசா ஒருத்தி கெடைச்சான்னு சந்தோஷப்படுவாரு. நீ கயித்த விடாத."

இரண்டாவது பாட்டிலைக் கண்டதும் மேலதிகாரி முகம் சுளித்தார்.

"இத கொட்டிடும்மா. பாலத்துத் தண்ணி போதும். எதுக்கு வம்பு?"

"ரெண்டையும் பதிவு பண்ணுங்க சார். கொட்டினா நாளைக்கும் எறங்குவேன்."

காலில் அப்பியிருந்த சேறு காய்ந்து அவர் அறைத் தரையில் உதிரும்வரை அவள் நகரவில்லை. கடைசியில் அவர் பதிவேட்டைத் திறந்து, 'வளைவுக்குக் கீழே' என்று எழுதினார்.

"தேதியும் போடுங்க சார்" என்றாள்.