காதர் பாயின் பேய்ப்பண்ணை

காதர் பாய் இறந்த செய்தி எங்கள் குழுவுக்கு வந்தபோது யாரும் அதை நம்பவில்லை. "பாய் மவுத்தாயிட்டாருங்க" என்று ஒட்டன்சத்திரம் கவிதா எழுதியிருந்தார். எங்கள் குழுவில் வாரம் தவறாமல் யாராவது மவுத்தாவார்கள். கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற கணினி விளையாட்டு எங்களுடையது. பள்ளத்தில் விழுந்தோ பேய் அடித்தோ ஆள் செத்தால் கையிலிருந்த சாமான் எல்லாம் அங்கேயே சிதறிவிடும். சீக்கிரம் போய்ப் பொறுக்காவிட்டால் மறைந்துபோகும். அதனால் நான் வழக்கம்போல, "எங்க விழுந்தாரு? சாமான நான் போய் எடுக்குறேன்" என்று பதில் போட்டேன். கவிதா உடனே போன் செய்தார். "அண்ணா, நெசமாலுமேங்க. காலையில, பேகம்பூர்ல வீட்டுலயேங்க." அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். வண்டியை எடுத்துக்கொண்டு பேகம்பூர் போய், அவரைச் சுமந்துபோகச் சந்தூக் பெட்டி வாசலில் காத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சந்தேகப்படுவது என் தொழில். மோதிய வண்டியைப் பார்த்து, அது உண்மையான விபத்துதானா என்று காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்கிற சர்வேயர் நான். நிறுத்தியிருந்த காரில் லாரி வந்து இடித்தது என்று சத்தியம் செய்வார்கள். பம்பரைப் பார்த்தால் புளியமரத்தின் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். பாய் தோல் மண்டி வைத்திருந்தவர். உப்புப் போட்ட தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கத்திக் கீறலை எந்த மடிப்பில் மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். நெஞ்சுவலி வந்து டாக்டர் வீட்டில் உட்காரச் சொன்ன பிறகு, மகள் விட்டுப்போன லேப்டாப்பில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். திண்டுக்கல் வட்டாரத்து ஆட்கள் சிலர் கூடி விளையாடும் எங்கள் உலகத்துக்கு அப்படித்தான் வந்துசேர்ந்தார். அந்த உலகத்தை நடத்துவது கவிதா. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது என்பதெல்லாம் அவர் கையில். வந்த அன்றைக்கே பாய் என்னிடம், "சர்வேயர், இங்க பெட்டிக்குப் பூட்டே கெடையாதா? அப்பறம் எப்பிடி ஒருத்தர ஒருத்தர் நம்புறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் பேர்போன ஆயக்குடிக் கொய்யா வாங்கிப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துவிட்டு, "ஆயக்குடின்னு யாரு சொன்னா?" என்றார். "விக்கிறவரு சொன்னாரு." "நீங்க எப்பயில இருந்து சொல்றத நம்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டு, ஒன்றை வெட்டித் தின்றுபார்த்துவிட்டுத்தான் மீதியை உள்ளே கொடுத்தனுப்பினார்.

அந்த விளையாட்டில் பேய்கள் இருட்டில் முளைக்கும். கொன்றால் எலும்பும் நூலும் வெடிமருந்தும் கிடைக்கும். நாங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் துரத்தி அடித்துக்கொண்டிருந்தோம். பாய்க்கு அது சரிப்படவில்லை. "தோலு வேணும்னா நான் என்ன காடு காடா ஆட்ட வெரட்டிக்கிட்டா திரிஞ்சேன்? தன்னால வந்து விழணும்" என்றார். வானத்தில் வெகு உயரத்தில், வெளிச்சம் புகாத ஒரு கருங்கல் கூடம் கட்டினார். நடுவே ஆழமான குழி. குழியின் விளிம்பைச் சுற்றிப் பலகைக் கதவுகளைப் பொருத்தித் திறந்து வைத்தார். திறந்த கதவு பேய்க்குத் தரையாகத் தெரியும். காலை வைக்கும், கீழே விழுந்து சாகும், அடியில் இருக்கும் புனல் பொருளை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடும். "நம்பித்தான் கால வைக்குது. நம்மள மாதிரி அதுக்குச் சந்தேகம் கெடையாது, பாவம்" என்றார் பாய்.

ஆனால் பண்ணை ஓடவில்லை. நாள் முழுக்கக் காத்திருந்தும் ஒரு எலும்புகூட விழவில்லை. பாயின் சந்தேகம் எங்கள் பக்கம் திரும்பியது. யாரோ உள்ளே புகுந்து தீப்பந்தம் சொருகியிருக்கிறார்கள் என்றார். என்னை நேராகவே கேட்டார், கவிதாவைச் சுற்றிவளைத்துக் கேட்டார். "ஏனுங்க பாய், உங்க பண்ணையக் கெடுத்து எனக்கு என்னங்க ஆகப்போகுது?" என்று கவிதா சண்டைக்கே வந்துவிட்டார். கடைசியில் பார்த்தால், கோளாறு பூமிக்கு அடியில் இருந்தது. கீழே இருட்டுக் குகைகள். பேய்களெல்லாம் அங்கேயே முளைத்து நிறைந்துவிட்டதால் மேலே ஒன்றும் முளைக்கவில்லை. குகைகளில் விளக்கு வைக்க எல்லோரும் இறங்கினோம். பாய் எங்களுக்குப் பின்னால் வந்தார், வைத்த விளக்கை யாராவது பிடுங்குகிறார்களா என்று பார்த்தபடி. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் எங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு பெட்டி நிறைய வெடிமருந்து இருந்தது.

அடுத்து சந்தேகப்படுவது என் முறையானது. அந்தப் பண்ணை ஓட வேண்டுமானால் பக்கத்து மேடையில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம், நின்றால் போதும். ஆள் இல்லையென்றால் பேய் முளைக்காது. சும்மா நிற்கிறவரைக் கவிதாவின் கணினி வெளியே தள்ளிவிடும் என்பதால், அவ்வப்போது ஒரு பொத்தானை அமுக்கிக் குதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விடுவார். அந்த நேரத்திலும் வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட கைலியுமாக அவர் உருவம் மேடையில் நின்று குதித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்க ஏதோ கருவி வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். எங்கள் உலகத்தில் அதற்குத் தடை. கேட்டதற்கு, "மெஷினெல்லாம் இல்ல சர்வேயர். கண்டுபிடிங்க பாப்பம்" என்று சிரித்தார். வீட்டில் வேறு யாராவதா என்றேன். "எங்க வீட்டுலயா? அவளுக்கு டிவி ரிமோட்டையே அமுக்கத் தெரியாது."

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து விளையாட்டுக்குள் போனேன். பண்ணை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகள் நிறைந்திருந்தன. மேடையில் பாய் நின்றுகொண்டிருந்தார். பெயரைத் திரும்ப ஒருமுறை படித்தேன்; அவர் பெயர்தான். பிறகு கோபம் வந்தது. செத்தவர் பெயரில் எவனோ புகுந்து சாமானை அள்ளப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "யாரு நீ?" என்று எழுதினேன். அந்த உருவம் ஒரு குதி மட்டும் குதித்தது. கவிதாவைக் கூப்பிட்டு அந்தப் பெயரை நீக்கச் சொன்னேன். நீக்கிவிட்டால் அந்தப் பெயரில் இனி யாரும் உள்ளே வர முடியாது. "சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணா. பாய் வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு நீக்கிடறேனுங்க" என்றவர், பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கே வந்து, என்னையும் பாய் வீட்டுக்கு அழைத்துப்போனார்.

பாயின் மனைவி இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் சில மாதங்கள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார். கவிதா உள்ளே போனார். நான் முன்னறையில், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கையில் போன், அதில் அந்த மேடை, மேடையில் பாய். உள்ளே கொஞ்ச நேரம் மெதுவாகப் பேச்சுக் கேட்டது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது.

"சர்வேயர் தம்பி, இப்பப் பாருங்க."

என் போனில் பாய் ஒரு குதி குதித்தார்.

"நீங்களா பாயம்மா? அப்ப வெள்ளிக்கெழம மதியமும்?"

"அவுக பள்ளிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான்தான் அமுக்கிக்கிட்டு இருப்பேன். பொண்டாட்டி கையில விட்டுட்டு வாராருன்னு நீங்கள்லாம் கேலி பண்ணுவீகளாம். அதான் சொல்லமாட்டாக."

"இப்ப எதுக்கும்மா நிக்கிறீங்க?"

"ஒரு ஆளு சும்மா நின்னாப் போதும், அம்புட்டும் தன்னால ஓடும்னு சொல்வாக. நானும் இங்க சும்மாதான உக்காந்திருக்கேன், தெருவப் பாக்காம. அவுக நின்ன எடத்துல செத்த நேரம் நின்னுக்கிறேன். ஒங்களுக்குத் தொந்தரவா இருந்தாச் சொல்லுங்க தம்பி, வேணாம்னா விட்டுர்றேன்."

"கவிதா, அந்தப் பேரத் தொடாதீங்க" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். உள்ளே கவிதா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

செருப்பை மாட்டும்போது பாயம்மா மறுபடி பேசினார். "தம்பி, ஒங்களப் பத்தி அவுக ஒண்ணு சொல்வாக. அந்தச் சர்வேயரு என்னையவே நம்பமாட்டாரு, அதனாலதான் நான் அவர நம்புறேன்னு."

பாயோடு சேர்ந்து கட்டை அடுக்கிய நண்பர்களே, அந்தப் பெட்டிகளில் இருக்கும் எலும்பும் வெடிமருந்தும் உங்களுக்கு. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான். பாய் அதை உண்மையிலேயே சொன்னாரா, துக்கத்துக்கு வந்தவன் மனம் நொந்து போகக்கூடாது என்று பாயம்மா அந்த நேரத்தில் சேர்த்துச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தினமும் அவரோடு பேசிக்கொண்டிருந்த மகளுக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். நான் செய்யப்போவதில்லை.