வலது கையால் கொடு

போன வாரம் ஒருநாள் காலை. என் மகள் யாழினி தட்டில் தோசை கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை.

முறுகல் தோசை. பக்கத்தில் மல்லாட்டைச் சட்னி; வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, தோசை."

"பாத்தேன்."

"பாத்தா வாங்கிக்கோயேன்."

"வலது கையால குடு. வாங்கிக்கிறேன்."

"வரலப்பா... காலங்காத்தால பேஜாரு பண்ணாதப்பா. ஆறிடப் போவுது."

"ஆறட்டும்."

அடுப்படியில் இருந்து என் மனைவி செல்வியின் குரல் வந்தது. "இன்னாங்க, புள்ளைய ஏன் இப்படி வாட்றீங்க? நான் இங்க அடுப்பு அனல்ல வெந்துக்கினு சுட்டுப் போடுறேன், நீங்க அத ஆறப் போட்டுக்கினு கீறீங்க!"

யாழினி தட்டை நாற்காலி மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். தோசை வறட்டி மாதிரி ஆனது. அதைத்தான் தின்றுவிட்டுக் கடைக்குப் போனேன்.

இவனெல்லாம் ஒரு அப்பனா... என்று கேட்கிறீர்களா பிள்ளைகளே? கேளுங்கள். ஆனால் முழுக் கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

யாழினி ஏழாவது படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்னால் திண்டிவனத்தில் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஓரமாக நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது. இவள் போய் மோதி, வலது கையை ஊன்றி ரோட்டில் விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

கட்டு இருந்த நாட்களில் என் மகள் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். எல்லாமே இடது கை! தலை வாருவது இடது கை. பல் தேய்ப்பது இடது கை. எழுத்துகூட முதலில் கோழி கிளறியது போல இருந்து, பிறகு அச்சடித்தது போல ஆகிவிட்டது.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. செல்வி அவள் எழுதுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் காலை பிரேயரில் கூப்பிட்டு நிறுத்திக் கை தட்டினார்கள். நான் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன். பழுதான பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு எல்லாம், மோட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர்களும் பாவம், மோட்டார் சரியாக வேண்டுமே என்று பார்த்தார்கள்.

கட்டைப் பிரித்தார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு அழகாகக் கூடிவிட்டது என்றார். ஆனால் கை? அது சுடிதார் ஷாலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் வரவில்லை. மணிக்கட்டு மடங்கவில்லை, விரல்கள் இறுகிக் கிடந்தன. டாக்டர் எங்களை விழுப்புரத்துக்கு, பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் ஓர் இளம்பெண். செஞ்சிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் போனதும் போகாததுமாக போனை எடுத்து வீடியோவைப் போட்டேன்.

"மேடம், பாருங்க. எம் பொண்ணு இடது கையால எப்படி எழுதுறா பாருங்க!"

முழுசாகப் பார்த்தார். மேஜை மேல் இருந்த ஸ்பாஞ்ச் பந்தை எடுத்தார். "பாப்பா, புடி!" என்று சட்டென்று யாழினி பக்கம் போட்டார்.

இடது கை பாய்ந்து வந்து பிடித்தது. வலது கை... முதுகுக்குப் பின்னால் ஓடிப் போய்விட்டது!

"பாத்தீங்களாண்ணா?" என்றார் பிசியோ மேடம். "எலும்பு வீட்டுக்கு வந்துடுச்சு. கை இன்னும் அந்தக் கார் கதவாண்டயே நின்னுக்கினு கீது. பயம் போகல."

"அதுக்கு இன்னா மேடம் பண்றது?"

"மொதல்ல இந்த வீடியோவ அழிங்க. இடது கைக்கு ஊரே கை தட்டுனா, வலது கை எதுக்கு வெளிய வரும்? நமக்குத்தான் வேல இல்லியேன்னு படுத்துக்கும். இப்படியே உட்டா இறுகிப் போயிடும்ணா. அப்புறம் நான் இன்னா பண்ணாலும் முழுசா வராது."

ஓடாமல் கிடக்கிற மோட்டார் இறுகிப் போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். வீட்டில் இருக்கிற கைக்கு அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை பாருங்கள்!

மேடம் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். சுவரில் சின்னச் சின்னப் படி வைத்த ஒரு பலகை. அதில் விரல்களால் ஏற வேண்டும். பிசைவதற்கு ரப்பர் மாவு. கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

"உங்க வீட்ல இடது கையால ஏதாவது குடுத்தா வாங்குவீங்களா?"

"சேச்சே! வாங்க மாட்டோம் மேடம்."

"இப்போ பாப்பா குடுத்தா?"

மாட்டிக்கொண்டேன். நம் வீடுகளில் யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட வலது கையால்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கிறோம் இல்லையா? யாழினிக்கு மட்டும் அந்தச் சட்டத்தை நாங்களே ரத்து செய்திருந்தோம். அடிபட்ட குழந்தை, பாவம்... என்று.

"அந்தப் பாவத்த இன்னியோட நிறுத்துங்க" என்றார் மேடம். "கொதிக்கிறது, கனமானது வேணாம். மத்தது எதுவா இருந்தாலும் வலது கையால குடுத்தாத்தான் வாங்கணும்."

(உங்களில் இடது கைக்காரப் பிள்ளைகள் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வாய்த்த கை அது; தாராளமாக எழுதுங்கள், கொடுங்கள். இவளுக்கு வாய்த்த கையைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.)

அப்படி ஆரம்பித்ததுதான் தோசைச் சண்டை. தோசை மட்டுமா? சீப்பு, ரிமோட், செய்தித்தாள், முருங்கைக்கீரை... எதை நீட்டினாலும் நாங்கள் வாங்குவதில்லை. யாழினி எங்களோடு பேசுவதையே பாதியாகக் குறைத்துவிட்டாள். சில சமயம் ஷாலுக்குள் இருந்து கை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சீப்பை விரல் நுனியில் பிடித்து நீட்டும். பிடிப்பு நிற்காது, சீப்பு கீழே விழும். உடனே கை உள்ளே போய்விடும். செல்வி சமையலறைக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். எனக்கும்தான் மனசு கேட்கவில்லை. இந்தக் கை வருமா, வராதா?

அந்தத் தோசைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மயிலத்தில் என் தங்கை அமுதாவுக்கு வளைகாப்பு.

கூடம் நிறையப் பெண்கள். நான் வாசற்படி ஓரமாக வாழை இலைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஆளுக்கு ஆள் அமுதாவின் கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். யாழினி தூணுக்குப் பின்னால் நைசாக நகர்ந்தாள். அமுதா பார்த்துவிட்டாள்.

"ஏ யாழினி! அத்தைக்கு வளையல் போடாம எங்கடி நழுவுற?"

யாழினி தயங்கித் தயங்கி வந்தாள். இடது கையில் ஒரு பச்சை வளையலை எடுத்தாள். அப்படியே நின்றாள்.

பிள்ளைகளே, அடுத்தவர் கையில் கண்ணாடி வளையல் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையால் முடியவே முடியாது. ஒரு கை அவர்கள் விரல் முட்டிகளைக் கூட்டி அழுத்த வேண்டும். இன்னொரு கை வளையலைத் தள்ள வேண்டும். அதிலும் அமுதாவுக்கு மாசமாக இருப்பதால் கை வீங்கியிருந்தது. வளைகாப்பு நேரத்தில் வளையல் உடைந்தால் பெண்கள் முகம் சுளிப்பார்கள் என்பதும் யாழினிக்குத் தெரியும்.

"புள்ளைக்குக் கை ஆவாது. யாராச்சும் கூட புடிச்சு உடுங்கடி" என்றது ஒரு குரல். ஒரு பெண் எழுந்தே விட்டார்.

"ஒருத்தரும் வராதீங்க" என்றாள் அமுதா. "எம் மருமவ போடுவா. ஒடஞ்சா ஒடையட்டும். வளையலுக்கா பஞ்சம்?"

நான் இலைக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தாவணிக்குள் இருந்து வலது கை மெல்ல வந்தது. அத்தையின் கையைப் பிடித்தது. வழுக்கியது. மறுபடி பிடித்தது. யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வளையல் முட்டியில் சிக்கி நின்றது. அவ்வளவுதான், விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. விரல்கள் வெளுக்க வெளுக்க அழுத்தினாள்...

"ஆ...! அடிப்பாவி! எலும்ப நொறுக்கிப்புட்டியேடி!"

அமுதா போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த நாய் எழுந்து ஓடியது. யாழினி பயந்துபோய்க் கையை விட்டாள். பார்த்தால்... பச்சை வளையல் முழுசாக அத்தையின் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தக் கைக்கா நீ விழுப்புரம் போய் வைத்தியம் பாத்துக்கினு கீற?" அமுதா கையை உதறிக்கொண்டே சிரித்தாள். "இனிமே இந்தக் கை புடிச்ச எங்களுக்குத்தான் வைத்தியம் பாக்கணும் போலக்கீது!"

கூடமே சிரித்தது. யாழினி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டில் இருந்து ஒரு சிவப்பு வளையலை எடுத்தாள்.

"அத்த, இன்னொன்னு போடட்டா?"

"ஐயோ, வேணாம் தாயி!"

கை முழுசாகச் சரியாகிவிடவில்லை. பயிற்சி இன்னும் இருக்கிறது, விழுப்புரமும் இருக்கிறது. அடிபட்ட இடத்தை வலிக்காமல் பொத்திப் பொத்தி வைப்பதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்பு சில சமயம் தோசையை ஆறவும் விடும்.

எந்த அண்ணனாவது தங்கை வலியில் கத்தியதைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறானா? நான் விட்டேன் — வாழை இலையால் முகத்தை மறைத்துக்கொண்டு!