மம்பட்டியோடு வந்தவர்

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, என் கணவர் சங்கரன்கோவிலில் உபதேசியாராக இருந்தார். எங்கள் தெருவில் இருவர் ஞானஸ்நானம் பெற்றதும் பொதுக்கிணறு எங்களுக்கு மறுக்கப்பட்டது. யாரும் எங்களோடு பேசக் கூடாதென்று கட்டுப்பாடு போட்டவர் எதிர்வீட்டு அண்ணாச்சி.

அந்தக் கோடையில் காய்ச்சல் கண்டு என் இரண்டு வயது மகள் இறந்தாள். கணவர் ஊழியத்துக்காக ராயகிரிப் பக்கம் போயிருந்தார். போய்ச் சொல்ல ஆளில்லை. வெயில் ஏறியும் குழி வெட்ட ஒருவரும் வரவில்லை. மகளை மடியில் கிடத்தியபடியே இருந்தேன்.

அப்போது அண்ணாச்சி மம்பட்டியோடு வாசலில் வந்து நின்றார். "பிள்ளைய எங்கிட்ட தாங்கம்மா."

தெருவில் ஒருவன் சிரித்தான். "என்ன அண்ணாச்சி, நீரும் இவுக வேதத்துல சேந்துட்டீரா?"

"சும்மா கெடலே. எனக்குச் சண்டை அவுக சாமி கூடதான். பச்சப்பிள்ள கூட என்னலே சண்டை?"

கல்லறைத் தோட்டத்தில் அவரே குழி வெட்டினார். நான் ஜெபித்து முடிக்கும்வரை தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். மறுநாள் குடத்தோடு போன என்னைக் கிணற்றடியில் தடுத்தவரும் அவர்தான். என் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

அவர் மனந்திரும்ப வேண்டுமென்று அதுவரை நாள்தோறும் ஜெபித்து வந்தேன். இன்று ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னாலே, என் மகளை ஏந்திப் போன கைகள்தாம் கண்முன் வருகின்றன. ஆண்டவரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் அழுதுவிடுகிறேன்.