கண்ணாயி கூப்பிடாத மூன்று நாள்

மலைமேல் இருந்த தேவனூர் நாட்டில் கண்ணாயிக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் கிடையாது. புருஷன் மலைக்காய்ச்சலில் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. சாமைக் காட்டையும் நாலு மிளகுக்கொடியையும் ஒண்டியாகவே காப்பாற்றி வந்தாள். அப்பேர்ப்பட்டவளே 1940ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையிடம் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

சர்க்கார் ஜனத்தொகைக்காக வீட்டுக்கணக்கு எடுக்க அடிவாரத்திலிருந்து ஒரு குமாஸ்தா மலையேறி வந்திருந்தார். அவளுடைய கொழுந்தன் கருப்பண்ணன் முந்திக்கொண்டான். “எங்க அண்ணன் பொண்டாட்டிங்க. எங் கணக்குலயே சேத்து எழுதிக்கோங்க.”

பேர் சேர்ந்தால் காடும் அவனோடு சேர்ந்துவிடும் என்று கண்ணாயிக்குப் பகீரென்றது.

“ஏனுங்க, என்னையத் தனியா எழுதுங்க. எனக்குத் தனி ஊடு, தனி அடுப்பு. ஒருத்தரு தயவும் எனக்கு வேண்டியதில்லீங்க.”

குமாஸ்தா எழுதிக்கொண்டே சொன்னார். “இண்டிபெண்டன்ட்னு போட்டிருக்கேன். யாரையும் அண்டாம சொந்தக் கால்ல நிக்கறவன்னு அர்த்தம். சரிபார்க்க இன்னொருவாட்டி வருவேன்.”

அன்று சந்தோஷத்தில் கண்ணாயிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் சாமைக் கதிர் பழுத்துத் தொங்குவதைப் பார்த்தபோதுதான் அறுப்பு ஞாபகம் வந்தது.

அந்த ஊரில் அறுப்பு என்றால், காட்டுக்காரர் முதல்நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஊரே வரும். கூலி கிடையாது, கூழ் ஊற்றினால் போதும். பதிலுக்கு இவளும் அவர்கள் காட்டுக்குப் போவாள். கூப்பிடாத காட்டில் யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

இப்போது எந்த வாயால் கூப்பிடுவது? யார் தயவும் வேண்டாம் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டதே! முப்பது பேரை அழைத்தால் சொன்னது பொய்யாகாதா? குமாஸ்தா பார்த்துவிட்டு, அவள் பேரை அடித்துக் கருப்பண்ணனுக்குக் கீழே எழுதிவிட்டால்?

மூன்று நாள் தனியாகவே அறுத்தாள். கால்வாசிகூட முடியவில்லை. தொட்ட இடமெல்லாம் மணி உதிர்ந்தது. பாதையில் கல் உருண்டாலும் குமாஸ்தாவோ என்று நிமிர்ந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்துக் காட்டுப் பாப்பாயி வந்து சண்டை பிடித்தாள்.

“எங்க மேல உனக்கு என்னடி கோவம்? நீ கூப்புடுவீன்னு ஊரே காத்துக் கெடக்குது. கெழக்க பாரு, எப்படி இருட்டிக்கிட்டு வருதுன்னு!”

கண்ணாயி பொலபொலவென்று அழுதுவிட்டாள். சாமை போய்விட்டால் காட்டை வைத்துக்கொண்டு மண்ணையா தின்பது? ஆனது ஆகட்டும் என்று வீடு வீடாகப் போனாள். கருப்பண்ணன் வாசலிலும் நின்று கூப்பிட்டாள்.

மறுநாள் முப்பது அருவாள் காட்டில் இறங்கிய நேரத்தில்தானா அந்த மனுஷன் வரவேண்டும்! குமாஸ்தாவின் குடையைக் கண்டதுமே கண்ணாயி அருவாளைக் கீழே போட்டாள்.

“யாரு இவங்கெல்லாம்?” என்று கேட்டார்.

“நாங் கூப்புட்டு வந்தவங்க, சாமி. இவங்க இல்லாட்டி எனக்கு அறுப்பே இல்லீங்க. அந்த வார்த்தைய அடிச்சிருங்க. ஆனா எங் காட்ட மட்டும்...” கருப்பண்ணன் குனிந்த தலை நிமிராமல் அறுத்துக்கொண்டிருந்தான்.

குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அட போம்மா! போன மாசம் எங்க துரை இந்த மலைக்கு வந்தாரே, எட்டுப் பேரு டோலியில தூக்கிக்கிட்டு வந்தாங்க. அவரும் இண்டிபெண்டன்ட்தான். உஞ் சோத்த நீயே சம்பாதிக்கறே, அவ்வளவுதான் அர்த்தம். ஆளு கூப்பிடக் கூடாதுன்னு யாரு சொன்னா? உம் பேரு தனியாத்தான் இருக்கு.”

முப்பது பேரும் சிரித்தார்கள். கண்ணாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. குனிந்து, உதிர்ந்து கிடந்த சாமையை மண்ணோடு அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? மூணு மாசத்துச் சோறுங்க இது.”

குமாஸ்தா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.